கழுவாத குடுவை

கை சரியில்லை என்று அவர் எழுதியது ஒரே ஒரு கடிதத்தில்தான். நான்கு வரிக் கடிதம். அவர் வெளியிட்ட எண்பத்தேழு ஆய்வுக் கட்டுரைகளையும் எத்தனை பேர் முழுதாகப் படித்தார்களோ தெரியாது. அந்த நான்கு வரியை மட்டும் படிக்க வேண்டியவர்கள் எல்லோரும் படித்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவருக்குச் சங்கிலி என்று பெயர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் சங்கிலி. அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று கோத்து, உடம்பின் சுரப்பி செய்கிற ஹார்மோனைக் கண்ணாடிப் பாத்திரத்தில் செய்ய முயன்றவர் அவர். ஒரு கண்ணி சேர்க்க இரண்டு நாள் பிடிக்கும். நடுவில் ஒன்று பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முப்பத்தொன்பது கண்ணிகளையும் கோத்து முடித்து, அந்தப் பொடியைக் கரைத்து எலிகளுக்குச் செலுத்தியபோது, இயற்கை ஹார்மோனின் வீரியத்தில் மூன்று சதவீதம் தெரிந்தது. மூன்றுதானா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. சீசாவில் செய்த பொடிக்கு உயிருள்ள உடம்பு பதில் சொல்லிவிட்டது என்றால் லேசுப்பட்ட காரியமா? கட்டுரை அச்சானதும் அவர் பேர் நாலு இடத்தில் அடிபட்டது. நடையிலும் கொஞ்சம் மிடுக்கு ஏறியது.

அதற்கு முன்னும் பின்னும் கோஎன்சைம்களைப் பற்றி இருபது கட்டுரை எழுதியிருந்தார். நொதிகள் வேலை செய்யும்போது கூடமாட நின்று உதவுகிற சின்னப் பொருள்கள் அவை. அந்த இருபதிலும் ஒரு புள்ளி தவறு கிடையாது. சீந்துவாரும் கிடையாது. அவரே அதைப் பெரிதாக நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

ஒருவர் செய்ததை இன்னொருவர் கையால் செய்து காட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முறை. அந்த வேலை அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம் வந்தது. அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: சுத்தக்காரி. குடுவையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பத்துத் தடவை அலசி, மின்னடுப்பில் சுட்டு எடுத்த பிறகுதான் வேலைக்குத் தொடுவாள். இவள் குளிப்பாட்டியே குடுவை தேய்ந்துவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். மூன்று வருஷத்தில் அந்தச் சங்கிலியைப் பதினான்கு முறை செய்தாள். பதினான்கு முறையும் பூஜ்யம்.

நான் செய்தால் வருவது இவளுக்கு ஏன் வரவில்லை என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். அவருக்கு வசதியான பதிலே கிடைத்தது. ஒருவேளை கட்டுரையிலேயே எங்காவது, என்று அவள் ஒரு நாள் வாயெடுத்தபோது, அவர் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். அடுத்த மாதம் உதவித்தொகைக் குழுவுக்கு எழுதினார்: அறிவு உண்டு, உழைப்பு உண்டு, ஆனால் இந்த வேலைக்கு வேண்டிய கை இவருக்கு இல்லை. அவள் வேறு மூன்று ஆய்வுக்கூடங்களின் கதவைத் தட்டினாள். மூன்று இடத்திலும் அந்தக் கடிதத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பட்டம் வாங்காமலே போய்விட்டாள்.

இருபத்தாறு வருஷம் கழிந்தது. அவர் ஓய்வு பெற்று, பழைய ஆய்வுக்கூடத்தில் தயவில் விட்டுவைத்த ஒரு மூலை மேசையோடு இருந்தார். அப்போது எங்கிருந்தோ ஓர் இளம் ஆராய்ச்சியாளர் எழுதினார். அதே சங்கிலியை இயந்திரத்தில் கோத்ததாகவும், படு சுத்தமாக வந்ததாகவும், வீரியம் மட்டும் துளிகூட இல்லை என்றும், பழைய பொடியில் மிச்சம் இருந்தால் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்றும் மிகப் பணிவாகக் கேட்டிருந்தார். அந்தப் பணிவே இவரைச் சுட்டது. உறைபெட்டியின் அடித்தட்டில் பொடி இருந்தது. அனுப்புவதற்கு முன் நாமே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று மூலக்கூறுகளின் நிறையைத் தனித்தனியாகக் காட்டும் கருவியில் கொடுத்தார்.

தாளில் இரண்டு கோடுகள் எழும்பியிருந்தன. பெரியது அவர் கோத்த சங்கிலி. பக்கத்தில் சின்னதாக ஒன்று. இயற்கை ஹார்மோனில் ஓரிடத்தில் கந்தகம் உள்ள அமினோ அமிலம் உண்டு. அது காற்றுப் பட்டால் கெடும் என்று, அவர் அந்த இடத்தில் மட்டும் கந்தகமில்லாத ஒன்றை வைத்திருந்தார். சின்னக் கோட்டில் கந்தகம் இருந்தது. அதாவது அது அவர் செய்ததே அல்ல. விலங்குச் சுரப்பியிலிருந்து எடுத்த அசல் ஹார்மோன். அளவு, மூன்று சதவீதம்.

பழைய குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அசல் சுரப்பிச் சாற்றை வாரா வாரம் உலர்த்திய பெரிய குடுவையிலேயே தன் பொடியையும் உலர்த்தியிருக்கிறார். நடுவில் தன் கையெழுத்திலேயே எழுதியிருந்தார்: அசிட்டோனில் அலசியது. அசிட்டோன் சட்டென்று காய்ந்துவிடும், அவசரக்காரர்களுக்கு வசதி. ஆனால் இந்த ஹார்மோன் அதில் கரையாது. கரையாதது மட்டுமல்ல, கண்ணாடியோடு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவள் குடுவையில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அதனால்தான் அவளுக்குச் சரியான விடை பதினான்கு முறை வந்தது.

குறிப்பேட்டை மூடி வைத்தார். அவமானம்தான். வேறு சொல் தேட வேண்டியதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒரு பக்கம் எழுதினார். கடைசியில் அவள் முழுப்பெயரையும் போட்டு, இந்த உண்மை இவர் கையால் அன்றே பதினான்கு முறை நிறுவப்பட்டது, பிழை முழுவதும் என்னுடையது என்று சேர்த்தார். வாழ்நாளில் எழுதியதிலேயே அதுதான் நல்ல வரி என்று அவருக்குத் தோன்றியது. இதை அவளிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதாகச் சொன்னதை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டுவிட்டு, தபாலில் போட்டால் போதாதா என்றாள். முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை என்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறோம் என்றுதான் அவர் கிளம்பினார். உள்ளூர, மன்னிக்கப்படப் போகிறோம் என்கிற ஆசையும் இருந்தது, மனுஷர்தானே.

விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. மூன்றாவது மாடி. மூச்சு வாங்க நின்றவரை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டு, உள்ளே கூப்பிட்டு மின்விசிறிக்கு நேரே உட்காரவைத்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப்பதிவு பார்க்கிறாளாம். கணவருக்குத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூர். ஒரே மகள், மருந்தாளுநர் படிப்பில் கடைசி வருஷம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, வந்த காரியம் என்ன என்பதுபோல் பார்த்தாள். அவர் தாளை நீட்டினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அசிட்டோனா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அந்தக் குடுவைய எப்படிக் கழுவுறீங்கன்னு ஒரு நாள் கேட்கணும்னு இருந்தேன். உங்ககிட்டப் போய் அதைக் கேட்டா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்."

அவர் தலை குனிந்துகொண்டார். உன் கைதான் சரியான கை, கழுவத் தெரியாதவன் நான்தான் என்று, வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொல்லி முடித்தார். அவள் அழவும் இல்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. முகம் மட்டும் வெளிறிக்கொண்டே வந்தது.

அந்த நேரத்தில் மகள் உள்ளறையிலிருந்து வந்து, அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்தாள். இன்சுலின். சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்வது போலும். மருந்தை ஊசியில் ஏற்றி, சட்டையின் ஓரத்தை விலக்கி, வயிற்றில் குத்தி எடுத்ததெல்லாம் ஒரு நிமிஷம்கூட இல்லை. தாய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மகள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தட்டெடுக்கச் சமையலறைக்குள் போனாள்.

தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மகளுக்கு ஏழு வயதில் இந்தச் சர்க்கரை நோய் வந்தது என்றாள். ஊசி போடுவது அப்பாவின் வேலை. அவர் வெளியூர் போன முதல் நாள், மருந்தை ஏற்றிக்கொண்டு குழந்தை முன்னால் உட்கார்ந்தவளுக்குக் கை நடுங்கியது. வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கடிதம் தெரியும். அம்மா கை சரியில்லாத கை என்பது குடும்பத்தில் வேடிக்கைப் பேச்சாகவே ஆகியிருந்தது.

"அவதான் என் கையிலேருந்து ஊசிய வாங்கினா சார். 'நீ விடும்மா, உன் கைதான் சரியில்லையே'ன்னா. அன்னையிலேருந்து அவளேதான் போட்டுக்கிறா. ஏழு வயசு."

தாய் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இன்னி வரைக்கும் அதுக்காக அவ என்கிட்டக் கோபப்பட்டதே இல்ல. அம்மாவால முடியாது, அவ்வளவுதான்னு நெனச்சுக்கிட்டா. என் கைக்கு ஒண்ணுமே இல்ல, முடிஞ்சும் நான் போடலன்னு தெரிஞ்சா, நான் அவகிட்ட என்ன சார் சொல்றது?"

தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். கட்டுரையைத் தாராளமாகத் திரும்பப் பெறட்டும், தன் பேர் மட்டும் வேண்டாம் என்றாள். மகள் படிக்கிற இடத்துக்கு இந்த மாதிரிப் பத்திரிகையெல்லாம் வரும்.

அவர் பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரியை அடித்தார். பேர் தெரியாதபடி மேலும் இரண்டு தடவை அடித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் எழுந்தபோது மகள் தட்டோடு வந்து, யாரம்மா இவர் என்று கேட்டாள். தாய் ஒரு நொடிதான் தயங்கினாள்.

"என்னோட பழைய சார். அந்தக் கடிதம் எழுதினாரே, அவர்."

மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பேர் மட்டும் கேள்விப்பட்ட சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

"அப்பவே அம்மா கை இப்படித்தானா சார்?"

அவர் தாயின் பக்கம் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அப்பவே அப்படித்தாம்மா" என்றார் அவர். "நான் பார்த்ததுலயே மோசமான கை."

மகள் சிரித்துக்கொண்டே தாயின் தோளில் கை போட்டாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.