சேனாதிபதியின் அவிந்த அடுப்பு

போளூர் சேனாதிபதி தன்னுடைய அவிந்த அடுப்பை நோக்கி வலது காலைத் தூக்கியது 1951ஆம் வருஷம் தை மாதம். அந்தக் கால் தரையில் பட்டது 1956 கார்த்திகையில். இடைப்பட்ட காலத்தில் உருளைக்கிழங்கு விலை இரண்டு முறை ஏறி ஒரு முறை விழுந்தது. அவனுடைய மகள் வடிவு பிறந்து, தவழ்ந்து, நடந்து, எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டாள். தகப்பன் மட்டும் தூக்கிய காலோடு நின்றான். நின்றான் என்று சொல்வதுகூடத் தப்பு. அவன் போய்க்கொண்டிருந்தான், பார்ப்பவர்களுக்குத்தான் அப்படித் தெரியவில்லை.

அந்த அடுப்பு தைலம் காய்ச்சும் அடுப்பு. கொடைக்கானல் மலைமேல் இருக்கிற போளூருக்கு மேற்கே சரிவில் கல்லால் கட்டி, மேலே செப்புக் கொப்பரை ஏற்றி, தைல மரத்து இலையை அதில் வேகவைத்து எண்ணெய் இறக்குவார்கள். மற்றவர்கள் காய்ச்சி முடித்ததும் தீயை அணைத்துவிடுவது வழக்கம். சேனாதிபதி அணைக்கவில்லை. மலை ஈரத்தில் மறுபடி பற்றவைப்பதற்குள் பாதிப் பொழுது போய்விடும் என்பது முதலில் அவன் சொன்ன காரணம். பிறகு காரணம் எதுவும் சொல்வதில்லை. வருஷக்கணக்கில் எரிந்த அந்த நெருப்புக்கு அடியில் கங்கு சேர்ந்து சேர்ந்து ஒரு சிறு குன்றளவு ஆனது. அதன் பாரம் அதை உள்ளுக்குள் அழுத்தியது. அதன் சூடு அதை வெளியே தள்ளியது. இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தவரை அடுப்பு அடுப்பாக இருந்தது. இலையும் சுள்ளியும் பல வருஷம் தாங்கின. அவை போதாமல் போனபோது மரக்கரி போட்டான். சூடு இரட்டிப்பானது; கரி தீர்கிற வேகம் அதைவிடக் கூடியது. கரியும் தீர்ந்தபோது நெருப்பு கல்லை எரிக்கிற அளவுக்கு வெறியேறியிருந்தது. சரிவிலிருந்த பாறைகளை உடைத்துப் போட்டான். அவை ஒரு மழைக்காலம்கூட வரவில்லை.

அவன் மனைவி அன்னக்கொடி கன்னிவாடிப் பக்கத்தில் பிறந்தவள், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நெருப்பை அவியவிடச் சொல்லி அவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். சேனாதிபதியின் அடுப்பு அவிந்தது என்று ஊரில் ஒரு பேச்சு வரக்கூடாது என்பது அவன் பதில். அவனிடம் தைலம் வாங்குகிற ஒலியுல்லா கொடைக்கானல் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர். மட்டக்குதிரைகளோடு மலைப்பாதையில் வந்து போவார். அவரிடம் சொல்லி உடைந்த கடப்பாரை, வண்டிப் பட்டை, ஏர்க் கொழு என்று பழைய இரும்பை வரவழைத்தான். 1950 மார்கழியில் ஒரு நண்பகல் அந்த இரும்பை அடுப்பில் கொட்டினான். இலை சூட்டைக் கொடுக்கும், கரி கொடுக்கும், அந்த நெருப்பில் கல்லும் கொடுத்தது. இரும்பு கொடுக்காது, இருக்கிற சூட்டை வாங்கிக்கொள்ளும். வெளியே தள்ளுகிற சூடு நின்றுபோனது. உள்ளே அழுத்துகிற பாரம் நிற்கவில்லை. கண் இமைப்பதற்குள் அந்தக் குன்று முழுவதும் தனக்குள்ளேயே விழுந்தது.

விழுந்த வேகத்தில் மேல்தோல் மட்டும் வெடித்துச் சிதறியது. அந்த நேரம் பழனி அடிவாரத்தில் நின்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிழல் விழுந்தது. கொப்பரை கவுஞ்சியில் ஒரு பூண்டுக் காட்டில் போய் இறங்கியது. அதன் சொந்தக்காரர் அதை மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்துக்கொண்டார். அடுப்பு இருந்த இடத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இருட்டு மிஞ்சியது. கறுப்பு என்று அதைச் சொல்ல முடியாது. கறுப்புப் பானையிலும் ஒரு பக்கம் வெளிச்சம் படும். இதில் பட்ட வெளிச்சம் உள்ளே போனது, திரும்பவில்லை. அதற்குப் பின்னால் இருந்த சோலைக்காடு வளைந்து அதைச் சுற்றி ஒரு பச்சை வளையமாகத் தெரிந்தது. காற்றில் வந்த சருகும் தூசியும் அதைச் சுற்ற ஆரம்பித்து, ஒன்றோடொன்று உரசிச் சூடேறி, நெருங்க நெருங்கத் தணலாக ஒளிர்ந்து, பிறகு இல்லாமல் போயின.

அது ஊரையே விழுங்கிவிடும் என்று பயந்து பாதிப் பேர் மூட்டை கட்டி மலையிறங்கினார்கள். ஒலியுல்லா, கொடைக்கானலில் சூரியனைப் பார்த்துக் குறிப்பெடுக்கிற ஆபீசிலிருந்து ஓர் அதிகாரியைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிவந்தார். அவர் மூன்று நாள் தங்கிப் பார்த்தார். அடுப்பு எரிந்தபோது என்ன பாரமோ அதற்கு மேல் இதில் ஒன்றும் கூடவில்லை, எட்ட இருப்பவரை இது தேடிவந்து இழுக்காது, கிட்டப் போனால்தான் திரும்ப முடியாது என்று சொல்லி, எதுவரை போகலாம் என்பதற்கு ஓர் அடையாளம் காட்டினார். ஊர் கூடி அங்கே இடுப்பளவுக்குக் கல்சுவர் கட்டியது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். பனிக்காலத்தில் பெண்கள் அந்தச் சுவர்மேல் பூண்டு காயப்போட்டார்கள், தணல் வளையத்தின் வெதுவெதுப்பு அங்கே வரை வந்தது.

சேனாதிபதிக்கு மட்டும் இது ஒப்பவில்லை. நாளெல்லாம் சுவருக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தை பிறந்து சில நாளில் கங்கு கிளறுகிற கம்பியை எடுத்துக்கொண்டு சுவரைத் தாண்டினான்.

“உள்ள கங்கு கெடக்கும். கிண்டிவிட்டாப் பத்திக்கிரும். வெரசா வந்துர்றேன்” என்றான்.

அன்னக்கொடிக்கு அப்போது இரண்டு மாதம். யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கோபம் தணிந்திருக்கிற நேரமாகப் பார்த்து அவனிடம் சொல்ல நினைத்திருந்தாள். சுவர்வரை ஓடிவந்து, “ஏங்க, நில்லுங்க. ஒரு சங்கதி சொல்லணும்” என்று கூப்பிட்டாள். அடுத்த அடிக்குக் காலைத் தூக்கியிருந்த சேனாதிபதி, என்ன என்று கேட்கத் தலையைத் திருப்ப ஆரம்பித்தான். திருப்பி முடிக்கவில்லை.

மூங்கிலை நீட்டினார்கள். கயிற்றில் கொக்கி கட்டி வீசினார்கள். கொக்கி போகப்போக மெதுவாகி, அவனுக்கு ஒரு முழம் முன்னால் அந்தரத்தில் நின்றது. கயிற்றை விட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது அவன் முகம் ஒரு நெல் அகலம் திரும்பியிருந்தது. உயிரோடுதான் இருக்கிறான் என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

சேனாதிபதியின் அண்ணன் குருநாதன் கெட்டவர் இல்லை. தம்பி ஆவி அலைந்துவிடக்கூடாது என்ற கவலை அவருக்கு. குழந்தை பிறந்து பேர் வைத்த பிறகு ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, கருமாதி செய்துவிடலாம், அன்னக்கொடி தாலியைக் கழற்றட்டும் என்று பேச்செடுத்தார். மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அன்னக்கொடி வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எடுத்த காலே இன்னும் தரையில படல. அதுக்குள்ள எப்படிங்க காரியம் பண்ணுவீங்க?”

பெரியவர்கள் யோசித்தார்கள். போய்ச் சேராதவனுக்கு வழியனுப்பு நடத்த முடியாது என்று ஒருவர் சொன்னார். பேச்சு அதோடு நின்றது.

மறுவருஷம் அந்த அதிகாரி மீண்டும் வந்தபோது, தான் சொல்வது அவனுக்குக் கேட்குமா என்று அன்னக்கொடி விசாரித்தாள். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். “நீங்க சொல்றது அவருக்குப் போய்ச் சேரும்மா. அவர்கிட்டேயிருந்து நமக்கு வர்றதுதான் லேட்டாகும். ஆனா ஒண்ணு, அந்த இருட்டுக்குக் கிட்டப் போகப்போக நேரம் மெதுவாப் போகும். நம்ம ஒரு வருஷம் அவருக்கு ஒரு கண் சிமிட்டல்கூட இல்ல. நீங்க கத்தினா கொசு பறந்த மாதிரி இருக்கும்.” இன்னொன்றும் சொன்னார். அவன்மேல் பட்டு வருகிற வெளிச்சம் மேட்டில் ஏறுகிறதுபோல இளைத்து இளைத்துத்தான் வெளியே வருகிறது, நாளாக ஆக அவன் சிவந்துகொண்டே போவான், ஒருநாள் தெரியாமல் போவான்.

அன்னக்கொடி இரண்டு நாள் அதையே யோசித்தாள். சொல்லைச் சொல்லிப் பயனில்லை, அது அவனைக் கடந்து ஓடிவிடும். ஓடாமல் ஒரே இடத்தில் இருப்பதுதான் அவன் கண்ணில் நிற்கும். மூன்றாம் நாள் காலை பால் கறந்து முடித்து, பச்சைச் சேலை கட்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் முகம் திரும்பி வந்து சேரக்கூடிய இடமாகப் பார்த்துச் சுவரோரம் நின்றாள். வெயில் ஏறும்வரை நின்றாள். மறுநாளும் நின்றாள். அதற்குப் பிறகு காய்ச்சலில் கிடந்த நாட்கள் தவிர அவள் நிற்காத நாள் இல்லை. சேலை கிழிந்தால் அதே பச்சையில் ஒலியுல்லா வேறு கொண்டுவந்து தருவார். ஒலியுல்லாதான், சுவரோரம் அவருடைய கைக்கடிகாரம் பின்தங்குவதைக் கவனித்து, விதை உருளைக்கிழங்கை அங்கே அடுக்கிவைத்தால் முளைவிடாமல் இருக்கும் என்று ஊருக்குச் சொன்னவர். அப்போதிலிருந்து எல்லாரும் அங்கேதான் அடுக்குகிறார்கள்.

வருஷங்கள் போயின. 1956இல் சேனாதிபதியின் கால் தரையில் பட்டு, அதிலிருந்து எழும்பிய புழுதி அடங்க அடுத்த ஆடி ஆனது. அவன் வேட்டி காவி நிறமானது, பிறகு செங்கல் நிறம். 1961இல் ஜனக்கணக்கு எடுக்க வந்த வாத்தியார், அவனுக்கு ஒரு நரையும் விழவில்லை என்பதைச் சுவரில் சாய்ந்து நின்று கண்ணால் பார்த்துவிட்டு, குடும்பத் தலைவர், வயது சுவரைத் தாண்டிய அன்றிருந்த அதே முப்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வருஷம்தான் அவன் கண்கள் சுவரை எட்டின. எரிச்சலோடு திரும்ப ஆரம்பித்த முகம் அது. என்னடி என்று கேட்கப்போகிற முகம். அன்னக்கொடியின் மேல் கண் விழுந்த பிறகு புருவம் மெல்லமெல்ல இறங்கியது. பத்தொன்பது வயதில் விட்டுப்போனவள் ஒரே மூச்சில் முதிர்ந்து நிற்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பில் இருந்தது தரையிறங்கி அவள் தோள் உயரத்துக்கு வளர்வதையும்.

பதின்மூன்று வயதில் வடிவு நிற்க மறுத்தாள். கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். “தெனமும் போயி நிக்கணும்னா எனக்கு வேற சோலி இல்லையாம்மா? அவரு எனக்கு யாரு? ஒரு வார்த்தை பேசியிருக்காரா?” என்று கேட்டாள். அன்னக்கொடி திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. தனியாகப் போய் நின்றாள், மகள் நிற்கிற இடத்தை விட்டுவிட்டு. அந்த இடத்தில் வேறு யாராவது கூடை வைத்தால் எடுத்து அப்புறம் வைப்பாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. 1966 மாசியில் விதைக்கிழங்கு எடுக்கப் போன குருநாதன், கூடையைப் போட்டுவிட்டு நேராக வடிவிடம் வந்தார். வயதாகி மூச்சு வாங்கியது அவருக்கு. “ஆத்தா, ஒருக்கா வந்து பாரு. ஒங்கப்பன் கண்ணு அம்மாவ விட்டு நகந்துருச்சு. நீ நின்ன எடத்தத் தேடுறான்” என்றார்.

வடிவு பெரியப்பாவுக்காகத்தான் போனாள். சேனாதிபதி அப்போது கங்குபோல மங்கிய சிவப்பில் இருந்தான். கையைக் குவித்துக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தால்தான் முகம் தெரியும். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் அன்னக்கொடிக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தில் இருந்தன. சந்தையில் பிள்ளையைத் தவறவிட்டவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வடிவு போய்த் தன் இடத்தில் நின்றாள். அன்னக்கொடி திரும்பிப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பை மட்டும் இழுத்துச் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் நின்றார்கள். கணவனைவிட மனைவிக்கு வயது கூடிப்போயிருந்தது. ஊர் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

1969 ஆவணியில் வடிவுக்கு ஆடலூரில் காப்பித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தத்தன்று விடிந்ததும் மாலையோடு மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சுவரோரம் வந்து நின்றாள். மூடுபனி இருந்ததால் வெயிலின் கூச்சம் இல்லை, முகம் தெரிந்தது. தேடிக்கொண்டிருந்த கண்கள் நின்றிருந்தன. திறந்த வாய் பாதி மூடி, ஓரங்கள் மேலே ஏறியிருந்தன. சிரிப்பு என்று குருநாதன் சொன்னார். பார்த்த எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து அன்னக்கொடி மறுபடி போனபோது அங்கே அவன் தெரியவில்லை. இருட்டும் அதைச் சுற்றி வளையமாகச் சோலைக்காடும் மட்டும் இருந்தன.

குருநாதன் தயங்கித் தயங்கி வந்து, இப்போதாவது காரியம் செய்யலாமா என்று கேட்டார். அவள் இந்த முறை அவரை நேராகப் பார்த்தாள்.

“வேண்டாங்க. நம்ம கண்ணுக்குத்தான் தெரியல. அவரு பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்காரு.”

அவர் சரி என்று போய்விட்டார். அன்னக்கொடி வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, பகலிலேயே படுத்து நன்றாகத் தூங்கினாள். மறுநாள் சுவர்ப்பக்கம் போகவில்லை. பூண்டுக் காட்டில் களை மண்டிக் கிடந்தது, கூலிக்கு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. களையெடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், கேட்கவில்லை.

ஆடலூரில் புதுப்பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் தாய் தகப்பனைப் பற்றி விசாரிப்பது உண்டு. அம்மா காடு கரை பார்த்துக்கொண்டு போளூரில் இருக்கிறாள் என்று வடிவு சொல்வாள். அப்பா என்று கேட்டால், “அவரும் அங்கதான் இருக்காரு” என்பாள். அவர்களும் தலையாட்டிவிட்டு, அந்த வருஷத்து மிளகு விலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.