பயஸ்கோப்புக் கை

படம் பேசத் தொடங்கிய கிழமையில் திருச்செல்வத்தின் வேலை போயிற்று. அது முப்பத்திரண்டாம் ஆண்டு.

ஒன்பது வருஷம் கண்டியில் மஹ்மூத் முதலாளியின் பயஸ்கோப் கொட்டகையில், திரைக்குக் கீழே அண்ணாந்து உட்கார்ந்து ட்ரம் அடித்தவன் அவன். படத்தில் குதிரை ஓடினால் இரண்டு சிரட்டை. இடி இடித்தால் தகரத் தகடு. றெயில் போனால் ஈர்க்குக் கட்டால் சின்ன ட்ரம்மின் தோலைத் தேய்ப்பான். யாராவது வழுக்கி விழுந்தால் காலால் பெரிய ட்ரம்மை மிதித்து, அதே நொடியில் பித்தளைத் தட்டில் ஓங்கி ஒரு அடி. கொட்டகையே அதிரச் சிரிக்கும். சனம் சிரிப்பது விழுந்தவனுக்கா, அடிக்கா? ஒன்பது வருஷமாகப் பார்த்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"படத்துக்கு வாய் வந்திரிச்சி. இனி நீங்க என்னத்தத் தட்டுற?" என்றார் மஹ்மூத். அக்குறணைக்காரர், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். "ட்ரம்மயும் எடுத்திட்டுப் போங்க. எனக்கு இடத்த அடச்சிட்டு ஈக்குது."

மனைவி இரஞ்சிதத்தின் அண்ணன் பல்லேகலையிலிருந்து கடிதம் போட்டார். தோட்டத்தில் கொக்கோக் கொட்டை நிறுக்கும் வேலை காலியாக இருக்கிறதாம், மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம். திருச்செல்வம் கடிதத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினான். தராசில் என்ன தாளம் இருக்கிறது?

அப்போதுதான் பாலேந்திரனின் ட்ரம்காரன் கொழும்புக்கு ஓடிப்போனான். பாலேந்திரன் யாழ்ப்பாணத்து டொக்டர் வீட்டுப் பிள்ளை. சிங்கப்பூர் ஹோட்டல்களில் சக்ஸபோன் வாசித்துவிட்டு வந்து, கண்டியில் பத்துப் பேர் கொண்ட ஜாஸ் வாத்தியக் கோஷ்டி ஒன்றை நடத்தினார். சனிக்கிழமைதோறும் பின்னேரம் ஐந்து மணிக்கு, வாவிக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பில் தேத்தண்ணி நடனம், தேநீர் குடித்துவிட்டுச் சோடி சோடியாக ஆடுவது.

"மூண்டு சனி பாப்பம். சரிவந்தா இரும். இல்லாட்டி கொழும்பில ஆள் எடுப்பன்" என்றார், ட்ரம்மோடு போய் நின்ற திருச்செல்வத்திடம்.

முதல் சனிக்கிழமை இரண்டு பாட்டு நன்றாகவே போயின. மூன்றாவதில், வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்துப் பருத்த துரை ஒருவர் திரும்பும்போது வழுக்கி உட்கார்ந்துவிட்டார். டும். ஜங்! அவர் தரையைத் தொட்ட அதே நொடி. ஒரு மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை.

ஆடியவர்கள் எல்லோரும் ட்ரம் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு துரைசானி களுக்கென்று சிரித்தாள். துரையின் முகம் பீட்ரூட் ஆயிற்று.

"உமக்கு என்ன விசரோ?" பாட்டு முடிந்ததும் பாலேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"கை தானாப் போட்டுது, மாஸ்டர்."

"கைக்குச் சொல்லி வையும். இன்னொருக்கா உப்பிடி நடந்தா மூண்டாம் சனி இல்லை."

வீட்டுக்கு வந்தவன் கவலைப்படுவதற்குப் பதிலாகத் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். புத்தி கேட்கும் முன்பே அது எப்படிப் போனது?

விடையைக் கண்டுபிடித்தவள் இரஞ்சிதம். அடுத்த நாள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபடி திருவினாள். மறுபடி நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ. நான் திருவினா நீங்கள் கதிரையில தட்டுறியள். நான் நிப்பாட்டினா நீங்களும் நிப்பாட்டுறியள்."

"உண்மையே?"

"பொறுங்கோ." எழுந்து குசினி வாசலுக்குப் போனாள். வாசற்படியில் கால் தடுக்கியதுபோல் அப்படியே சரிந்தாள். திருச்செல்வத்தின் கால் தரையை மிதித்தது. கை கதிரைச் சட்டத்தில் பளாரென்று விழுந்தது.

"நல்ல மனிசன்! பெண்சாதி விழுந்தாலும் அடிதான் முதல். பிறகுதான் தூக்குறது."

அவன் தூக்கக்கூட இல்லை. "இன்னொருக்கா விழு" என்றான்.

அவள் ஐந்து தரம் விழுந்தாள். கண்ணைத் திறந்திருந்தால் ஐந்துக்கும் அடி விழுந்தது. மூடிக்கொண்டு தட்டினால் விழவில்லை, ஆனால் தட்டிய தாளம் குதிரைபோல் பிய்த்துக்கொண்டு ஓடியது. காதுக்கும் கைக்கும் நடுவில் ஒரு தொடர்புமே வளரவில்லை. ஒன்பது வருஷமும் கண்தான் அடித்திருக்கிறது.

தாளம் ஓடினால் ஓடட்டும், யாரும் விழுவதைக் காணாதிருந்தால் போதும் என்று, இரண்டாம் சனிக்கிழமை அவன் கதிரையையும் ட்ரம்களையும் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டான்.

"என்ன, எங்களோட கோவமோ?" என்றார் பாலேந்திரன்.

"ஆடுறவையைக் காணாட்டி, விழுறதுக்கு அடிக்கமாட்டன், மாஸ்டர்."

பாட்டு தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று, கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டியிருந்தது. அதில் முகங்கள் இல்லை. தரை முழுக்கச் சப்பாத்துகள், கவுன் விளிம்புகள். சட்டம் போட்ட திரை. அண்ணாந்த கழுத்து. திரைக்குக் கீழே, பழைய இடத்திலேயே மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டான்! பல்லேகலைத் தராசு கண்முன் ஆடியது.

வேறு வழியில்லாமல் பார்த்தான். பார்க்கப் பார்க்க ஒன்று புதிதாக இருந்தது. கால்கள் அவன் அடிக்கு முன்னே விழவில்லை. அடி விழுந்த பிறகே விழுந்தன.

இருக்காது என்று நினைத்தான். ஒரு அடியை இம்மியளவு பிந்தி வைத்துப் பார்த்தான். நாற்பது சப்பாத்தும் இம்மியளவு பிந்தின. கொஞ்சம் மெதுவாக அடித்தான். கால்கள் மெதுவாக இறங்கின. கொட்டகையில் குதிரை ஒரு நாளாவது அவனைக் கேட்டு ஓடியதா? அவன் சாகச் சாக அடித்தாலும் அது தன்பாட்டில் ஓடும். இந்தப் படம் கேட்கிறது!

அப்போது பழுப்பும் வெள்ளையுமான ஒரு சோடிச் சப்பாத்து கண்ணாடிக்குள் வந்தது. போன சனி வழுக்கியதும் இதே சப்பாத்துத்தான். அதே துரை. அவரது முன்கால் துரைசானியின் கவுன் விளிம்பில் மாட்டியது. பின்கால் அந்தரத்தில் நின்றது.

கை பித்தளைத் தட்டை நோக்கிக் கிளம்பிவிட்டது.

பாதி வழியில் அதைச் சின்ன ட்ரம்முக்கு இறக்கினான். இரண்டு குச்சியாலும் தோலை உருட்டி, அடுத்த அடியை விழவிடாமல் பிடித்துக்கொண்டான். மண்டபத்துக் கால்கள் எல்லாம் தூக்கியபடி காத்திருந்தன. பழுப்புச் சப்பாத்து விளிம்பிலிருந்து விடுபட்டுத் தரையைத் தேடியது. அது கீழே வந்தபோதுதான் அடியை விட்டான். எல்லோரும் ஒன்றாக இறங்கினார்கள். துரை ஆடிக்கொண்டே போனார்.

பாட்டு முடிந்ததும் பாலேந்திரன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நடுவில ஒரு இடத்தில இழுத்தனீர். எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. ஏன்?"

"ஒருத்தர் விழப் பாத்தவர்."

பாலேந்திரன் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு கூட்டத்தில் அந்தத் துரையைத் தேடினார். கண்டுபிடித்ததும் சக்ஸபோனின் வாயைத் துடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் துடைத்தார்.

"கதிரையை இஞ்சால திருப்பும். உம்மடை முதுகுக்கு நான் கை காட்டேலாது."

"அப்ப மூண்டாம் சனி?"

"நாலு மணிக்கே வாரும். புதுப் பாட்டு ரெண்டு இருக்கு."

வீட்டுக்குப் போனதும் இரஞ்சிதம் கேட்ட முதல் கேள்வி, "துரை விழேல்லையோ?"

"இல்லை."

"சீ." உண்மையிலேயே ஏமாந்துபோனாள். தேங்காய்ப் பாதியை எடுத்துக்கொண்டு திருவலையில் உட்கார்ந்தாள். "அண்ணைக்கு என்னெண்டு எழுத?"

"வேலைக்கு வாறேல்லை எண்டு எழுது."

அவள் திருவினாள். கதிரைச் சட்டத்தில் அவன் விரல் தட்டத் தொடங்கியது. ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். விரல் நிற்கவில்லை.