பதினொன்றாம் கட்டமும் அழுகாத வாத்துகளும்

ஆமாம், நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், மரக்காணம் ஐஸ் பேக்டரியில் வைத்த, செத்துப்போன நாற்பத்தொரு ஊசிவால் வாத்துகளும் பதினாறு மாதமாகியும் அழுகவில்லை. ஐஸ் காரணமல்ல, அங்கே பாதி நாள் கரண்ட் இருப்பதில்லை. காந்திமதி அறுத்துப் பார்த்த எந்த உடலும், அதன் சாவுக்கு உண்மையான காரணத்தை எழுதும்வரை அழுகாது, அவ்வளவுதான்.

காட்டுயிர்களுக்கு வரும் நோய்களை ஆராய்வது அவர் வேலை. திண்டிவனத்தில் சேர்ந்த முதல் வருடம், மேல்சித்தாமூர் பக்கம் செத்துக் கிடந்த நரியை அறுத்துவிட்டு, ரிசல்ட் வருவதற்குள் அவசரப்பட்டு, படிவத்தில் சாவுக்குக் காரணம் கேட்கும் பதினொன்றாம் கட்டத்தில் ‘வெறிநோய்’ என்று எழுதிவிட்டார். சித்திரை வெயிலில் ஐந்து நாள் கிடந்தும் நரி அப்போதுதான் தூங்கப்போனது போலிருந்தது. ஆறாம் நாள் வந்த ரிசல்ட், தெருநாயிடமிருந்து தொற்றிய டிஸ்டெம்பர் காய்ச்சல் என்றது. முன்பு எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதிய நொடியில் கிளம்பிய நாற்றத்தில் வாட்ச்மேன் சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினார். அன்றிலிருந்து நாற்றம் அடித்தால்தான் காந்திமதி கையெழுத்துப் போட்டார். மல்லாட்டைக் கொல்லையில் கடலை கொத்த வந்து விழுந்த மயில்கள், செஞ்சி மலையடிவாரத்து வௌவால்கள், ஏரிக்கரைக் கீரிகள் என்று பதினான்கு வருடத்தில் ஒரு முடிவும் தப்பாகவில்லை. ஆய்விதழ்கள் மட்டும் கட்டுரையிலிருந்து நாற்றத்தை எடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்பின. எடுத்தார், வெளியிட்டார்கள்.

போன வருடம் தை மாதம் கழுவெளி ஏரியில் வாத்துகள் கழுத்தைத் தூக்க முடியாமல் மூழ்கிச் செத்தன. ஒரு இறால் பண்ணை, செத்த இறாலை லாரி லாரியாகக் கொண்டுவந்து ஏரியில் கொட்டியிருந்தது. அழுகிய இறாலில் ஊறிய நஞ்சு புழுவுக்குப் போனது, புழுவைத் தின்ற வாத்துக்குப் போனது. நாற்பத்தொன்றை அறுத்துப் பார்த்த காந்திமதி அதை எழுதப் பேனாவைத் திறப்பதற்குள் விழுப்புரத்திலிருந்து மேலதிகாரி வந்து படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“வெயில்னு போடும்மா.”

“தை மாசத்துல ஏது சார் வெயிலு?”

“அப்ப பனின்னு போடு. பண்ணைக்காரங்க பெரிய எடம், நமக்கு எதுக்கு பேஜாரு?”

“நான் போட்டாலும் போட்டுடுவேன் சார். வாத்து ஒத்துக்காது.”

மேலதிகாரியே ‘பனி’ என்று எழுதினார். வாத்துகள் அப்படியே இருந்தன. ‘முதுமை’ என்றும் ‘பயணக் களைப்பு’ என்றும் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு, புதைக்கச் சொன்னார். அடுத்த மழையில் நாற்பத்தொன்றும் ஓர் இறகுகூடக் கலையாமல் மேலே வந்து கிடந்தன. காந்திமதியின் ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டு, அவரை விழுப்புரத்தில் பழைய கோப்புகள் மட்டும் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். ‘பயணக் களைப்பு’க்குக் கீழே கையெழுத்துப் போட்டால் சாவி திரும்பும் என்றார்கள். அவர் வாத்துகளைக் கொண்டுபோய் மரக்காணத்தில் ஐஸ் பேக்டரி நடத்தும் கிளியம்மாளிடம் கொடுத்தார்.

“இன்னா மேடம் இது, என் மீனு ரெண்டு நாளு தாங்கமாட்டேங்குது. ஒங்க வாத்து இன்னாடான்னா பொண்ணு பாக்க வந்தாப்ல ஒக்காந்துக்கினு கீது!” என்றார் கிளியம்மாள். ஆனாலும் ஞாயிறுதோறும் மீன் வண்டியில் ஒரு வாத்தைத் திண்டிவனத்தில் காந்திமதி வீட்டுக்கு ஏற்றிவிடுவதை அவர் நிறுத்தவில்லை. திங்கள் காலை காந்திமதி அதைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறுவார். கண்டக்டருக்கும் பழகிவிட்டது. “ஜல்தி ஏறுங்க மேடம். இன்னிக்கு ஆணா பொட்டையா?” என்பார். வாத்து மேலதிகாரியின் மேசைமேல் மாலை ஐந்து மணிவரை உட்கார்ந்திருக்கும். மனு கொடுக்க வருகிறவர்கள் அதற்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள்.

போன திங்கள் மேலதிகாரியே கதவைச் சாத்தினார்.

“அடுத்த மாசம் ரிட்டயர் ஆவறேம்மா. இந்த பைல மூடாம அனுப்பமாட்டேன்றாங்க. ஒரு கையெழுத்து போட்டுடு, நாளைக்கே ஒன் லேப் சாவிய குடுத்துடறேன்.”

காந்திமதி படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

“சாவி ஒங்களாண்டயே இருக்கட்டும் சார். பதினொண்ணாவது கட்டத்துல நீங்க எழுதினத நீங்களே அடிச்சிட்டு, உள்ளத உள்ளபடி எழுதுங்க. ரெண்டு பேரும் மூக்கப் பொத்திக்கினு வெளிய போயிடலாம்.”

மேலதிகாரி வாத்தை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு பேனாவை எடுத்து, பழையதை அடித்துவிட்டு, ‘இறால் பண்ணைக் கழிவு’ என்பதன் முதல் எழுத்தை எழுதினார். அறையில் மெல்ல, சந்தேகமே இல்லாமல், ஒரு வாடை எழுந்தது. பேனா நின்றது. ஐந்து மணி ஆனது, காந்திமதி கூடையை மூடிக்கொண்டு கிளம்பினார். வாத்தின் இடது சிறகோரம் மட்டும் லேசாக வாடியிருந்தது.

இன்று திங்கள். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டிவிட்டது, கூடையில் அதே வாத்து, படிவத்தில் அந்த ஒற்றை எழுத்து. மீதியையும் எழுதிவிடுவாரா அந்த மனுஷன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?