பதினேழாம் கட்டில்

யசோதினி போர்வையை இழுத்து அப்பாவின் முகத்தை மூடினாள். ஜன்னலைத் திறந்தாள். வாசலில் நின்ற தம்பி சதீஸிடம், "பதினேழாம் கட்டில் முடிஞ்சிருச்சு. பெட்ஷீட்ட மாத்தணும்," என்றாள்.

வீட்டில் இருந்ததே இரண்டு கட்டில்கள். பதினேழு, அவள் தாதியாக வேலை பார்க்கும் வார்டில் ஜன்னலோரம் கிடப்பது. சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

மறுநாள் அப்பாவைப் பெட்டியில் வைத்து ஹாலில் கிடத்துவதற்குள் அந்தப் பேச்சு குண்டசாலை ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. அத்தை சுப்பம்மா வருகிறவர்களுக்கெல்லாம் அதையே பரிமாறினாள்.

"பெத்த அப்பனுக்கு நம்பர் போட்டாளே. ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா பாருங்க. நர்சம்மாவுக்கு எல்லாம் பழகிப்போச்சு."

அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் வாசற்படியோடு நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு நலம் விசாரித்தவள் இந்த அத்தை. இப்போது வேன் சத்தம் கேட்டால் அழுதாள். வந்தவர்கள் கதிரையில் உட்கார்ந்ததும் தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று எட்டிப் பார்த்தாள். யசோதினிக்கு இதெல்லாம் வார்டில் தினமும் பார்க்கிற கூத்துதான்.

கூட வேலை செய்த பாதிப் பேர் வெளிநாடு போய்விட, இப்போது இரண்டு வார்டுகளுக்கு அவள் ஒருத்தியே ஓடினாள். போன மாதம் டை கட்டிய ஒரு மகான் ஆஸ்பத்திரிக்கு வந்து, மூச்சை ஆழமாக இழுத்து விட்டால் மனஅழுத்தம் பறந்துவிடும் என்று படம் போட்டுக் காட்டினார். ஆளுக்கொரு கேக் துண்டும் கொடுத்தார். அந்த நேரத்தில் மேல்மாடியில் ஒரு கிழவர் கவனிக்க ஆளில்லாமல் திணறிக்கொண்டிருந்தார். அவள் கண்ட மருந்து வேறு: நோயாளியின் பெயரை மனதில் ஏற்றாமலிருப்பது. செத்தது நம்பர் என்றால் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

"வாய்க்கரிசி போடக் கூப்பிடுறாங்க," என்றான் சதீஸ், அவள் முகத்தைப் பாராமல். "கொஞ்சமாச்சும் அழு அக்கா. கண்டபடி பேசுறாங்க."

"வந்தா நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?"

அத்தையின் வாய்க்கு அவள் பயப்படவில்லை. அழுகை வரவேயில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வரிசையில் போய் அரிசியைப் போட்டாள். நகர வேண்டிய நேரத்தில் அவள் விரல்கள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தன. கண்கள் கைக்கடிகாரத்துக்குப் போயின.

"செத்த மனுசனுக்கு நாடி பாக்குறாளாம்," என்றாள் சுப்பம்மா. "தள்ளு புள்ள, ஆளுங்க நிக்கிறாங்க."

யசோதினி நகரவில்லை. விநாடி முள் ஒரு சுற்றை முடித்து அடுத்ததைத் தொடங்கியது. அவளுக்குப் பின்னால், கையில் அரிசியோடு நின்ற வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுவரை போயிருந்தது.