வீடியோ மாமா

கையுறைக்குள் விரலை நுழைத்துக்கொண்டிருந்தவரை நர்ஸ் தடுத்தாள்.

"வேண்டாம் சார். இப்ப அப்படியே தொடலாம். அப்புறம் மட்டும் நல்லா கழுவிடுங்க."

வீடியோ மாமா கையுறையைக் கழற்றினார். தங்கை மகளை வெறுங்கையால் தொடுவது இதுதான் முதல் தடவை. இன்னும் சூடு இருந்தது. அது குழந்தையின் சூடா, இன்குபேட்டர் பெட்டியின் சூடா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கண் தெரியாத ஒருவருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்ததாகவும், இன்றுவரை அந்த மனிதர் ஒரு விபத்துகூடச் செய்ததில்லை என்றும் சொல்வார். காரணம் கேட்டால், "அவர்கிட்ட கார் இல்லையே" என்பார். இப்படிப்பட்டவரை எந்த வார்டுக்குத்தான் பிடிக்காது?

தங்கை தையல் பிரிந்து, கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கீழ்மாடியில் கிடந்தாள். அவள் வீட்டுக்காரர் கப்பலில், நடுக்கடலில். ஆகவே குழந்தையைப் படம்பிடித்து வந்து காட்டுகிற வேலை அண்ணனுக்கு வந்தது. முதல் நாளே பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்து, "அண்ணே, எங்க பையனையும் ஒண்ணு எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். பிறகு அடுத்த கட்டில். கடைசியில் மேலே இருந்த ஆறு பெட்டிகளும் அவர் பொறுப்பில் வந்தன. பிள்ளைகள் சார்பில் தாய்மார்களே அவருக்கு 'வீடியோ மாமா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அவர் படமெடுக்க வருகிற நேரம் பார்த்து பெரிய நர்ஸ் மருந்து அலமாரியைத் துடைக்கப் போய்விடுவாள்.

கை கழுவுவதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. முழங்கை வரை கழுவுவார். கழுவிக் கழுவி ரேகை தேய்ந்துபோய், அவருடைய போனே அவரை யாரென்று தெரியாமல் திறக்க மறுத்தது. எண்ணை அழுத்தித் திறந்துகொண்டு பெட்டி பெட்டியாகப் போனார். போனைக் கழுவ வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

வெளியே டாக்டர் நின்றிருந்தார். சின்னப் பையன் மாதிரி முகம்.

"மருந்து மாத்தி மாத்திக் குடுத்தோம் சார். குழந்தை ரத்தத்துல இருந்த கிருமி எதுக்கும் அசையலை."

"எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?"

"கை கழுவுற தொட்டியில இருந்துச்சு. ரெண்டு பெட்டியோட கதவுல இருந்துச்சு." டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார். "முந்தாநாள் உங்க போனையும் பஞ்சால துடைச்சு டெஸ்ட்டுக்கு அனுப்பினோம்ல. அதுலயும் இருந்துச்சு."

"அப்ப நான்தானா?"

"போன்லேருந்து குழந்தைக்குப் போச்சா, குழந்தைகிட்டேருந்து போனுக்கு வந்துச்சான்னு சொல்ல முடியாது. எங்க கையிலகூட இருந்திருக்கும். இப்ப இன்னும் ரெண்டு குழந்தைக்கு இருக்கு."

எந்த ரெண்டு என்று அவர் கேட்கவில்லை.

படிக்கட்டில் மூன்றாம் பெட்டிக் குழந்தையின் அப்பா, வெல்டிங் வேலைக்காரர், எதிரே வந்தார். நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது.

"என்ன மாமா, இன்னைக்கு எங்காளை எடுக்கலையா? வீட்டுக்காரி கேட்டுக்கிட்டே இருக்கா."

"போன்ல சார்ஜ் இல்லப்பா."

வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான். இவ்வளவு கஷ்டப்பட்டு வேறு எதையும் சொன்னதில்லை.

தங்கைக்குச் சேதி சொல்லியாகிவிட்டிருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அண்ணா, அவளைக் காட்டு."

"சக்கர நாற்காலி வருதும்மா. மேல கூட்டிட்டுப் போவாங்க."

"அது வர்றப்ப வரட்டும். உசுரோட இருக்கிறவளைக் காட்டு."

"அம்மாடி, ஒண்ணு சொல்லணும். அந்த டாக்டரு..."

"அப்புறம் சொல்லு."

அவர் போனைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"குடுண்ணா."

பெட்டியும் குழாய்களும் திரையில் வந்தன. 'மாமாவைப் பாருடி, காரு ஓட்டப் போலாமா?' என்று அவருடைய குரலே கேட்டது. படம் பெட்டியின் சின்னக் கதவு வழியாக உள்ளே போனது; இன்னும் கிட்டே போனது. குழந்தை காலை உதைத்தது. திரை முழுக்க ரோஜா நிறமானது.

தங்கை அங்கேயே நிறுத்தினாள்.

"இது பாதம்தானே?"

"ஆமா."

"போன்ல பட்டுச்சா?"

"ம்."

அவள் போனைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் தடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையால் தலையணையைச் சரிசெய்தார்.