வேல்பாண்டியின் பூட்ஸ்

பானுப்பிரியா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஆண்டு மலரில் ‘ஒரு சொல்லின் பிறப்பு’ என்று ஒரு பக்கம் அவள் பொறுப்பு. உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, ஹெட்மிஸ்ட்ரஸ் அவளுக்கு ஒதுக்கியது ‘பூட்’. வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜபாளையத்து வீட்டில் எழுத உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு காகிதமும் கிடந்தது. பட்டாளத்திலிருந்த புருஷன் வேல்பாண்டி பனிச்சரிவில் காணாமல்போய்ப் பதினாலு மாதம். இனி அவனை இறந்தவனாகக் கொள்ளச் சம்மதம் என்று நாளைக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

போட மனசு வரவில்லை. காரணம் மாமியார் பாலம்மாள். கடைசி லீவில் அவன் விட்டுப்போன பழைய பூட்ஸ் வாசலில் இருக்கிறது. பானு அதைத் துடைத்து, காற்றாட லேஸை அவிழ்த்துப் போடுவாள். பிறகு பார்த்தால் கட்டியிருக்கும். அவன் கட்டுகிற மாதிரியே இரட்டை முடிச்சு, நுனி உள்ளே செருகி. பெற்றவளின் நம்பிக்கையை எப்படி அறுப்பது?

‘பிரெஞ்சிலிருந்து வந்த சொல்’ என்று எழுதினாள். ‘அதற்கு முன் எங்கிருந்தது என்று எவருக்கும் நிச்சயமில்லை. பூட்ஸின் பின்னால் இழுத்து மாட்ட ஒரு தோல் வார் உண்டு. அதைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது நடக்காத காரியம். அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்வதற்கு பூட் ஆவது என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது.’

கை நின்றது. வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பாலம்மாள் வந்து நின்றாள். “ஏட்டி, கையெழுத்தைப் போட்டுரு. ஒன் மொகத்துக்காகத்தான் வாயைத் தொறக்காம இருந்தேன். அந்த லேஸை நீ கட்டிக் கட்டி வைக்கறதப் பாத்தா ஈரக்கொலை நடுங்குது.”

“நான் கட்டலையே அத்தை. நீங்கதான...”

“எனக்கு அந்த முடிச்சே போடத் தெரியாதுட்டி.”

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பதினாலு மாதமாக ஒருத்தி மனசை ஒருத்தி கேட்கவில்லை. கெட்டிக்காரிகள்தான்.

இருவரும் வாசலுக்குப் போனார்கள். காலையில் அவிழ்த்த லேஸ் கட்டியிருந்தது. பின்பக்க வார்கள், யாரோ விரல் கொடுத்து இழுப்பதுபோல் விறைத்து நின்றன.

சித்திரை வெயிலில் வாசற்படி கொதித்தது. பாலம்மாள் முடிச்சை அவிழ்த்து உள்ளே கைவிட்டாள். வெடுக்கென்று உருவினாள். விரலெல்லாம் ஈரம், ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

“எம் பிள்ளைக்குக் குளிருதுட்டி” என்று அழுதாள். “வருவான் வருவான்னு நாம வாசலையே பாத்துக்கிட்டிருந்தா அவன் எப்பிடிப் போவான்? அங்கயும் போக முடியாம, இங்கயும் படியேற முடியாம நிக்கான்.”

பானுவுக்குப் பயம் போய் அழுகை வந்தது. உள்ளே ஓடிக் காகிதத்தை எடுத்து வந்தாள். பாலம்மாள் அந்த ஈரக் கையால் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, புருஷன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள்.