மறைவு: ஆகஸ்ட் 9

அய்யாவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டுவதற்குப் பசை காய்ச்சியது அய்யாவேதான். மைதாவைக் கட்டி தட்டாமல் கிண்டி, வாளியில் ஊற்றிக்கொண்டு, ஸ்கூட்டரில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். முதுகுளத்தூர் பேருந்து நிலையச் சுவரில் தன் முகத்தைத் தானே நீவி ஒட்டிவிட்டு, தள்ளி நின்று பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

'வத்தக்களம்' நான் எடுத்த முதல் படம். மிளகாய் விவசாயம் பார்த்து, அதைக் காயப்போட்ட களத்திலேயே செத்துப்போகும் ஒரு சம்சாரியின் கதை. அந்தச் சம்சாரியாக நடித்தவர் என்னைப் பெற்ற அய்யா பால்சாமி. வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்ததால், படத்திலும் அவர் பால்சாமிதான். சென்னையில் பதினோரு விநியோகஸ்தர்களுக்குப் போட்டுக் காட்டினேன். யாரும்மா இந்தப் பெருசு என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஓடிடிக்காரர்கள் மெயிலுக்குப் பதில்கூடப் போடவில்லை. போங்கடா என்று ஊருக்கு வந்துவிட்டேன்.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் ஈயோட்டிக்கொண்டிருக்கும். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைத் துணி. முதுகுளத்தூரில் முதல் காட்சி. பிறகு ராமநாதபுரம், பாம்பன், ராமேஸ்வரம் என்று நானே கொண்டுபோவதாகத் திட்டம். விளம்பரம்தான் இடித்தது. எங்கள் பக்கத்தில் சினிமா போஸ்டரை ஆடுதான் தின்னும். மனிதர்கள் நின்று படிப்பது சாவு போஸ்டரை மட்டும். அதனால் 'கண்ணீர் அஞ்சலி' என்று பெரிதாகப் போட்டு, அய்யாவின் படம், பெயர், தோற்றம், மறைவு எல்லாம் போட்டேன். மறைவு என்ற இடத்தில் முதல் காட்சியின் தேதி, ஆகஸ்ட் 9. அடியில் ஒரு சின்னப் பட்டையில் படத்தின் பெயரும் மண்டபமும் நேரமும்.

அச்சடித்துக் கொடுத்த சஃபீர் மட்டும் தயங்கினான். வராத தேதியை மறைவு என்று போடலாமா அக்கா என்று கேட்டான். விளம்பரம் என்றால் என்னவென்று அவனுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

பாம்பனிலும் ஒட்டியிருக்கிறோம் என்று தெரிந்ததும் அம்மா சோற்றுத்தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். என் தம்பி பிரபு பாம்பனில் விசைப்படகு வேலைக்குப் போகிறான். மூன்று வருடத்துக்கு முன் நிலத்தை விற்பது பற்றி அய்யாவுடன் பெரிய சண்டை. இனி உன் கருமாதிக்குத்தான் இந்த வாசலை மிதிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், பொங்கலுக்குக்கூட வரவில்லை.

“அவன் கண்ணுல பட்டா என்னத்தா ஆகும்?” என்றாள் அம்மா.

படட்டும், படம் பார்க்க வரட்டும் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆசையில்தான் அவன் குடியிருக்கும் தெருவில் இரண்டு போஸ்டர் கூடுதலாக ஒட்டினேன். அடிப்பட்டையைப் படித்துவிட்டுச் சிரிப்பான், சிரித்தால் கோபம் விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பாம்பன் போஸ்டர்களையாவது கிழித்துவிடு என்று அம்மா கெஞ்சினாள். அய்யா தடுத்துவிட்டார். சாவு போஸ்டரை மழைதான் கரைக்கணும், கை வைத்தால் நிஜமாகிவிடும் என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

எட்டாம் தேதி போஸ்டர் வாட்ஸ்அப்பில் பரவியது. யாரோ அடிப்பட்டையை வெட்டிவிட்டு, மேல்பாதியை மட்டும் அனுப்பியிருந்தார்கள். அதில் படத்தின் பெயர் இல்லை. சாயல்குடியிலிருந்து அத்தை மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். அய்யா ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து மயங்கி விழுந்தாள். அன்று அய்யா சிரிக்கவில்லை.

“தேதி தாண்டுனாப் போதும்த்தா,” என்றார்.

ஒன்பதாம் தேதி காலையிலிருந்து போன் ஓயவில்லை. எப்போ எடுக்கிறீர்கள், எப்போ எடுக்கிறீர்கள் என்று ஒரே கேள்வி. விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. புரொஜெக்டர் வேலை வேறு கிடந்தது. அய்யா போன், அம்மா போன், என் போன் மூன்றையும் அணைத்துப் பையில் போட்டேன். சந்தோஷமாகத்தான் போட்டேன்.

மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் உட்கார இடமில்லை. பாதிப் பேர் மாலையோடு வந்திருந்தார்கள். விஷயம் தெரிந்து சிலர் திட்டினார்கள், சிலர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். வாசலில் குவிந்த மாலைகளை நான் படம் எடுத்துவைத்தேன், அடுத்த ஊர் விளம்பரத்துக்கு ஆகும் என்று.

திரையில் அய்யாவைப் பாடையில் வைக்கும் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். சட்டையில் ரத்தக் கறை. அகமது கபீர் என்றும், பிரபு போகும் படகின் சொந்தக்காரர் என்றும் பிறகுதான் தெரிந்தது. முன்வரிசையில் அய்யாவைப் பார்த்ததும் அவர் கால் நின்றுவிட்டது.

“நீங்க உசுரோடவா இருக்கீக?” என்றார்.

பாம்பனில் நாங்கள் போஸ்டர் ஒட்டுவதற்கு முன்பே கடலுக்குப் போன படகு, மூன்று நாள் தங்கிவிட்டு மதியம்தான் கரைக்கு வந்திருக்கிறது. கரையில் போனுக்கு சிக்னல் வந்ததும் அந்த வெட்டிய படம் வந்து விழுந்திருக்கிறது. மறைவு என்று அன்றைய தேதி. பிரபு மூன்று பேருக்கும் மாற்றி மாற்றி அடித்திருக்கிறான். மூன்றும் அணைந்திருந்தன. கபீரின் பைக்கை வாங்கிக்கொண்டு, மாலை ஒன்றை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறான். ராமநாதபுரம் தாண்டி, நின்றிருந்த லாரியின் பின்னால் மோதிவிட்டான். பின்னாலேயே வேனில் வந்த கபீர் அவனைத் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

“மொகத்தப் பாக்குறதுக்குள்ள எடுத்துருவாகன்னு அழுதுக்கிட்டே போனான்,” என்றார் கபீர்.

அம்மா எழுந்து போய் வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்தாள். துணி அவள்மேல் விழுந்தது. படம் பின்சுவரில் ஓடிக்கொண்டே இருந்தது. சுவரில் அய்யாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பிரபுவின் படத்தை எடுத்துக்கொண்டு சஃபீர் கடைக்குப் போனேன். பழைய டிசைன் அவன் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. அய்யாவின் படத்தை எடுத்துவிட்டுத் தம்பியின் படத்தை வைத்தான். பெயரை மாற்றினான். பிறந்த தேதியைக் கேட்டு மாற்றினான். அடிப்பட்டையை அழித்தான். பிறகு அவன் கை நின்றது. என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

“தேதி அப்படியே இருக்கட்டுமாக்கா?”

இருக்கட்டும் என்றேன்.